காகிதப்பூவும் கால் சென்ட் தோட்டமும்

எங்கள் வீட்டுத் தோட்டம் கால் சென்ட்கூட வராது. காம்பவுண்டுச் சுவரோரம் பைக்கை நிறுத்தியது போக மிச்சம் இருக்கிறதே, அதுதான் தோட்டம். அதில் ஒரு காகிதப்பூக் கொடி. வாங்கியபோது முழ உயரம். "பராமரிப்பே வேணாம் சார்" என்றார் நர்சரிக்காரர். மனுஷன் பொய் சொல்லவில்லை. அதற்குப் பராமரிப்பு வேண்டியதில்லை. எங்களுக்குத்தான் அதனிடமிருந்து பாதுகாப்பு வேண்டும்.

பாகல், புடலைக்கெல்லாம் பற்றுக்கம்பி உண்டு. கம்பைக் காட்டினால் மரியாதையாகச் சுற்றிக்கொள்ளும். இதற்கு அது கிடையாது. முள்ளை மாட்டி மாட்டித்தான் ஏறும். சன்னல் கம்பி, கேபிள் வயர், பக்கத்து வீட்டு மாடியில் காயும் லுங்கி என்று எதிலும் அதற்குப் பேதமில்லை. கூரியர் பையன் இப்போதெல்லாம் கேட்டைத் தொடுவதில்லை. தெருமுனையிலிருந்தே போன் போடுகிறான்.

என் மனைவி அதைப் பிள்ளையாக வளர்த்தாள். தினமும் அரிசி கழுவின தண்ணீர், மாதம் தவறாமல் சாணி எரு. அதுவும் நன்றியோடு இலை இலையாகத் தள்ளியது. பூ மட்டும் இல்லை. கோடையில் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போனோம். ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்ற ஆளில்லை. திரும்பி வந்தால் சுவரே தெரியாமல் ராணி கலர்! வேர் காய்ந்தால்தான் இது பூக்குமாம். செழிப்பாகக் கவனித்தால் இலையோடு நிறுத்திக்கொள்ளுமாம். அன்று அவள் செடியோடு பேசுவதை விட்டுவிட்டாள். இதில் இன்னொரு ஏமாற்று: அந்த ராணி கலர் பூவே அல்ல, நிறம் மாறிய இலை. நடுவில் தீக்குச்சித் தலை அளவுக்கு வெள்ளையாக எட்டிப் பார்ப்பதுதான் நிஜப் பூ.

இதன் பெயருக்கும் ஒரு கதை உண்டு. பூகன்வில் என்ற பிரெஞ்சுக் கடற்படைக்காரர் 1766இல் உலகைச் சுற்றக் கிளம்பினார். அந்தப் பயணத்தில் பிரேசிலில் இந்தக் கொடியைச் சேகரித்தவர் கொம்மர்சான் என்ற தாவரவியலாளர். அவருக்கு உதவியாள், ஆண் வேடத்தில் கப்பலேறிய ழான் பாரே என்ற பெண். முள்ளுக்குள் கையை விட்டது யார் என்று எனக்கொரு சந்தேகம் உண்டு. பெயர் என்னவோ கேப்டனுக்குத்தான் போனது: பூகன்வில்லியா. எங்கள் வீட்டிலும் அதே நியாயம்தான். வெட்டுவது நான், "உங்க வீட்டம்மாவுக்கு நல்ல கைராசி" என்கிறது தெரு.

வெட்டுவது சும்மா இல்லை. புதுத் துளிரில்தான் பூ வரும் என்பதால், ஒரு சுற்றுப் பூத்து உதிர்ந்ததும் கவாத்து செய்தாக வேண்டும். முழுக்கைச் சட்டை, ஜீன்ஸ், தலையில் ஹெல்மெட் சகிதம் நான் ஏணியில் ஏறினால் கீழே கூட்டம் கூடிவிடும். "பச்சை மரத்துல கை வைக்கிறீங்களே, பாவம் சார்" என்பார் எதிர்வீட்டுப் பெரியவர். பாவக் கணக்கை முடித்த அதே மூச்சில், "அப்படியே நமக்கும் ஒரு போத்து போடுங்க" என்பார். பென்சில் பருமனில் ஒரு குச்சியை நட்டால் போதும், பிடித்துக்கொள்ளும்.

ஏணியிலிருந்து இறங்கிய பிறகுதான் நிஜமான வேலை. குவியலைக் குப்பை வண்டியில் ஏற்றமாட்டார்கள். "முள்ளு சார், கை கிழிஞ்சிரும்" என்பார்கள். அவர்கள் சொல்வது நியாயம்தான், என் கையே சாட்சி. அதனால் கேட்டவர்களுக்கெல்லாம் போத்து கொடுத்தேன். பிறகு கேட்காதவர்களுக்கும் கொடுத்தேன். இப்போது என்னைக் கண்டால் சிலர் எதிர்ச்சாரிக்கு மாறுகிறார்கள்.

உங்களுக்கு வேண்டுமானால் தயங்காமல் வாருங்கள். துணிப்பை மட்டும் வேண்டாம். சாக்கு எடுத்து வாருங்கள்.