கவுன்சிலர் எம்.பி.

அண்ணன் நாடாளுமன்ற உறுப்பினராகிவிட்டார். லெட்டர்பேடில் சிங்கமுகச் சின்னம் ஏறிவிட்டது. ஆனாலும் டீக்கடையில், "கவுன்சிலர் ஊர்ல இருக்காரா?" என்றுதான் கேட்கிறார்கள். அண்ணனின் பெயர் வேண்டாம். தமிழ்நாட்டில் மாவட்டத்துக்கு ஒருவராவது இந்த ரகத்தில் தேறுவார். அத்தனை பேரையும் சேர்த்துப் பிசைந்து ஒரே அண்ணனாகப் பிடித்துக்கொண்டேன்.

வார்டு காலம்தான் அவருக்குப் பொற்காலம். விடியுமுன் தண்ணீர் லாரிக்கு முன்னால் நிற்பார். லாரி டிரைவர், லைன்மேன், பைப் ஃபிட்டர், துப்புரவு மேஸ்திரி ஆகிய நாலு பேரின் எண்களும் மனப்பாடம். பெற்ற பிள்ளை என்ன வகுப்பு படிக்கிறான் என்பது மட்டும் கொஞ்சம் யோசித்தால்தான் வரும். துக்க வீட்டுக்குச் சொந்தக்காரர்கள் வந்து சேருமுன்னே ஷாமியானாவும் பிளாஸ்டிக் நாற்காலிகளும் இறங்கியிருக்கும். ஒவ்வொரு நாற்காலியின் முதுகிலும் சிவப்பு பெயின்டில் அண்ணன் பெயர். அழுது ஓய்ந்து சாய்பவர் அண்ணன் மேல்தான் சாயவேண்டும்.

உடுப்பு கரைவேட்டி, வெள்ளைச் சட்டை. பைக்குள் இருக்கும் தலைவர் படம் வெளியே தெரிய வேண்டும், பக்கத்தில் இருக்கும் பணம் தெரியக் கூடாது. அந்த அளவுக்குத் துணி நெய்பவர் எங்கேயோ இருக்கிறார், அவரைப் பாராட்டத்தான் வேண்டும்.

2016 அக்டோபரில் உள்ளாட்சிப் பதவிக்காலம் முடிந்தது. நகராட்சிகளுக்கு அடுத்த தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரி 19 அன்று. இடைப்பட்ட ஐந்தேகால் வருஷம் தமிழ்நாட்டு நகரங்களில் கவுன்சிலர் என்று ஒருவருமே கிடையாது. அண்ணன் மட்டும் கவுன்சிலராகவே இருந்தார். "முன்னாள்" என்று பத்திரிகையில் அச்சடித்த காதுகுத்துக்கு அவர் போகவில்லை, மொய்யும் போகவில்லை. தேர்தல் வந்தபோது வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. அண்ணி நின்றார், ஜெயித்தார். சுவரொட்டியில் அண்ணி கைகூப்பியிருந்தார், அவருக்குப் பின்னால் அவரைவிடப் பெரிதாக அண்ணன் கைகூப்பியிருந்தார்.

எம்.பி. சீட்டு எப்படி வந்தது என்பது அண்ணனுக்கே சரியாகத் தெரியாது. மாவட்டத்தின் இரண்டு பெரும்புள்ளிகள் அதற்கு மோதினார்கள். "அவனுக்குக் குடுக்கறதுக்கு யாருக்கு வேணா குடுங்க" என்று இருவருமே மேலிடத்தில் சொன்னார்கள். அந்த 'யாருக்கு வேணா'தான் அண்ணன். தேர்தல் ஆணையம் மக்களவை வேட்பாளருக்கு அனுமதிக்கும் செலவு 95 லட்சம் ரூபாய். கட்சி நேர்காணலில் அந்தத் தொகையை அப்படியே சொன்ன ஒரு வக்கீலை, "சரி, போயிட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டார்கள் என்று ஊரில் பேச்சு.

பிரச்சாரத்தில் அண்ணன் வரலாற்றைப் பிடித்துக்கொண்டார். "படேல் யாரு? 1917-ல அகமதாபாத்துல கவுன்சிலர்! ராஜாஜி சேலத்துல நகராட்சித் தலைவர், பெரியார் ஈரோட்டுல! ஒடிசாவுல ராய்ரங்பூர்ல 1997-ல கவுன்சிலரா இருந்த அம்மா, 2022-ல ஜனாதிபதி!" அதோடு நிறுத்தி, கண்ணை மூடி, அடக்கமாகச் சிரிப்பார். மேடையில் இருந்தவர்களுக்கு வயிறு கலங்கும். காமராஜரை மட்டும் அவர் தொடுவதில்லை. சிறையில் இருந்தபடியே விருதுநகர் நகராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர், வெளியே வந்ததும் அந்தப் பதவியை ராஜினாமா செய்தார். அந்த உதாரணம் அண்ணனுக்கு ஒத்துவராது.

டெல்லியில் 543 பேரில் ஒருவர். வார்டில் ஒரு விரலை உயர்த்தினால் ஜெட்டிங் மெஷின் வரும். இங்கே பூஜ்ய நேரத்தில் ஓரிரு நிமிஷம் பேசவே காலை பத்து மணிக்குள் எழுதிக் கொடுத்து, குலுக்கலில் பெயர் வரவேண்டும். ஒரு நாள் வந்தது. அண்ணன் எழுந்தார். தலைவருக்கு நன்றி, மாவட்டச் செயலாளருக்கு நன்றி, ஆறு சட்டமன்றத் தொகுதி மக்களுக்கும் தனித்தனியாக நன்றி. "மாண்புமிகு சபாநாயகர் அவர்களே, என் தொகுதியில்..." என்றபோது மைக் அணைந்துவிட்டது. அடுத்து 377-வது விதி. அதில் 250 சொற்களுக்குள் எழுதிக் கொடுக்கவேண்டும். சபையில் அமளி. "மேசையில் வைக்கப்பட்டதாகக் கருதப்படும்" என்றார்கள். அந்த மேசை எங்கே இருக்கிறது என்று அண்ணன் எட்டிப் பார்த்தார்.

டெல்லியில் அவருக்கு வாய்த்த ஒரே சிநேகிதர் மத்தியப் பிரதேசத்துக்காரர், அவரும் வார்டிலிருந்து வந்தவர். இவருக்கு இந்தி வராது, அவருக்குத் தமிழ் வராது. கேன்டீனில் அவர் கையைக் குழாய் மாதிரி வளைத்து, முஷ்டியால் அடைத்துக் காட்டுவார். அண்ணனுக்குப் பளிச்சென்று புரியும். சாக்கடை அடைப்பு! உடனே இவர் மூங்கில் குச்சி விட்டுக் குடைவதை நடித்துக் காட்டுவார். தேச ஒற்றுமையை அந்த மேசையில்தான் பார்க்கவேண்டும்.

ஊருக்கு வந்தால் மனு மூன்று வகை. ரயிலில் வெயிட்டிங் லிஸ்ட், ஈ.க்யூ. (அவசர ஒதுக்கீடு) லெட்டர் வேண்டும். திருப்பதி தரிசனத்துக்கு லெட்டர் வேண்டும். பேத்திக்குக் கேந்திரிய வித்யாலயாவில் இடம் வேண்டும். முன்பு ஓர் எம்.பி. வருஷத்துக்குப் பத்துப் பிள்ளைகளைப் பரிந்துரைக்கலாம், 2022-ல் அதை எடுத்துவிட்டார்கள். அண்ணன் போனதோ 2024-ல். "நீ போன நேரம்" என்று சொந்த மாமியாரே முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

தொகுதி மேம்பாட்டு நிதி வருஷத்துக்கு 5 கோடி. அது அண்ணன் கைக்கு வராது. அவர் வேலையைப் பரிந்துரைக்க, செலவு மாவட்ட நிர்வாகம் வழியாக நடக்கும். பயணியர் நிழற்குடைகள் கட்டினார். பெயர்ப்பலகைதான் பெரிது என்பதால் வெயிலுக்கு ஜனங்கள் அதன் நிழலில் நிற்கிறார்கள். அடுத்து முச்சந்திக்கு முச்சந்தி உயர்கோபுர மின்விளக்கு. போட்டவர் அண்ணன், கரண்ட் பில் நகராட்சிக்கு.

ஸ்டேஷன் பக்கத்து ரயில்வே சுரங்கப்பாதையில் ஒரு மழைக்கு இடுப்பளவு தண்ணீர் நிற்கும். கவுன்சிலராக இருந்தபோது கேட்டால், "பாலம் ரயில்வேயோடது. சென்ட்ரல் கவர்மென்ட் சமாசாரம், நான் என்ன பண்ண?" என்பார். போன ஐப்பசியில் ஒரு பெரியவர் வேட்டியை மடித்துக் கட்டியபடி வந்து கேட்டார்.

"தம்பி, இப்ப நீங்கதான் சென்ட்ரல்ல இருக்கீங்களே?"

"ஐயா, தண்ணி இறைக்கறது முனிசிபாலிட்டி வேலைங்க. நான் எம்.பி."

"முனிசிபாலிட்டில எங்க வார்டுக்கு யாரு?"

அண்ணன் பதில் சொல்லவில்லை. பெரியவருக்கும் தெரியும், உள்ளே அண்ணி ஃபிட்டரிடம் போனில் பேசிக்கொண்டிருந்தது வாசல்வரை கேட்டது.

சாயங்காலமே மோட்டார் வைத்து இறைத்துவிட்டார்கள். எனவே அந்தத் தொகுதிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. குழாயில் தண்ணீர் வரவில்லையென்றால் டெல்லி நம்பரை அடிக்காதீர்கள். அண்ணியைக் கூப்பிடுங்கள், காலை ஆறு மணிக்குள் கூப்பிட்டால் அவரே எடுப்பார்.