இதழ்த்தொகை இயல்

புகைப்படம் எடுத்தவரே அதை வெளியிடும் இதழுக்குப் பணம் கட்டும் வழக்கத்தைப் பற்றித் தமிழில் முறையான ஆய்வு எதுவும் இல்லை. இருக்கிறதா என்று நான் தேடவில்லை; தேடாததால் கிடைக்கவில்லை; கிடைக்காததால் இல்லை. ஆய்வுலகில் இந்த நெறிக்கு நல்ல முன்னோடிகள் உண்டு. தமிழ் எம்.ஏ. முடித்துவிட்டுக் கல்யாண ஆல்பம் எடுத்துப் பிழைப்பவன் என்ற முறையில் இத்துறையில் புக எனக்கு இரட்டைத் தகுதி இருக்கிறது. இரண்டிலும் வருமானம் இல்லை என்பது மூன்றாவது தகுதி.

முதலில் மூலச்சான்று. வெளிநாட்டு ஃபேஷன் இதழ் ஒன்று எனக்கு அனுப்பிய மின்னஞ்சல் அது. முதல் சொல் 'வாழ்த்துகள்'. அதற்குப் பின் மூன்று ஆச்சரியக்குறிகள். அட்டை, உள்பக்கம், தபால் செலவு என்னும் மூன்றையும் அவை குறிப்பால் உணர்த்தின என்பது மாமாவின் துணிபு (மாமா, திண்ணைப் பேச்சு, இரண்டாம் காபி). காசிமேட்டில் விடியற்காலையில் ஐஸ் பெட்டிகளுக்கு நடுவே பட்டுப்புடவையில் ஒரு பெண்ணை நிறுத்தி நான் எடுத்த படங்கள் தேர்வாகிவிட்டனவாம். நான்காம் பத்தியில் எழுத்து சிறுத்தது: அட்டைக்கு 75 டாலர், உள்பக்கத்துக்கு 40. அச்சுப் பிரதி வேண்டுமென்றால் அதற்குத் தனி. படம் வேறெங்கும் வந்திருக்கக் கூடாது. இதழ் வெளியாகும்வரை என்னுடைய இன்ஸ்டாகிராமில் நானே போடவும் கூடாது.

அன்று காசிமேட்டுக்கு வந்த ஐந்து பேரில் ஒருவருக்கும் கூலி கிடையாது. மேக்கப் போட்ட பெண் ஆட்டோவுக்குத் தன் கைக்காசைத்தான் கொடுத்தார். இந்த வகை இதழ்கள் பெரும்பாலும், கேட்டால் கேட்ட பிரதியை மட்டும் அச்சடித்துத் தருபவை. கேட்பவர் யார்? படத்தில் நின்றவர், நிற்க வைத்தவர், புடவை கட்டிவிட்டவர், அவர்களுடைய அத்தைகள். இதழியலில் இதைச் சந்தா என்பதில்லை. எங்கள் ஊரில் மொய் என்போம். என்ன, மொய்யில் சாப்பாடு உண்டு.

இனி காலப் பகுப்பு.

பரிசில் காலத்தில் பாரி முல்லைக்குத் தேர் கொடுத்தான். முல்லை வாடகை கட்டியதாகச் சான்றில்லை.

அடுத்தது சம்பளக் காலம். 1856இல் சென்னை மாகாண அரசு கேப்டன் லின்னேயஸ் டிரைப்பைத் தன் புகைப்படக்காரராக நியமித்தது. அவர் 1858இல் மதுரை, தஞ்சை என்று பெட்டி பெட்டியாகக் கருவிகளோடு சுற்றினார். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து ஒட்டி, ஏறக்குறைய 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். கல்வெட்டில் இருப்பதெல்லாம் யார், எதற்கு, எவ்வளவு கொடுத்தார் என்ற கணக்குத்தான். அதைப் படமெடுத்தவருக்கும் அரசு கொடுத்தது. பார்த்தார் 1859இல் கவர்னராக வந்த டிரெவெல்யன். இந்த ஆடம்பரம் நமக்கு எதற்கு என்று நிறுத்திவிட்டார். கட்டணம் கேட்கலாம் என்று அவருக்குத் தோன்றவில்லை. பிரிட்டிஷ் சிவில் சர்வீஸ் தேர்வுகளுக்கு வழிவகுத்த மூளைக்கே எட்டாத யோசனை அது.

மூன்றாவது வாசகர் காலம். 1936 நவம்பரில் வந்த 'லைஃப்' முதல் இதழின் அட்டையில் மார்கரெட் பூர்க்-ஒயிட் எடுத்த ஃபோர்ட் பெக் அணை இருந்தது. விலை 10 சென்ட். அதைக் கொடுத்தவர் வாசகர். (வாசகர்: வழக்கொழிந்த சொல். படத்தில் தான் இல்லாதபோதும் இதழை வாங்குபவர்.)

நம் பத்திரிகைகளின் சன்மானக் காலத்தில் தபால்காரர் மணியார்டரோடு வாசலில் நின்று பெயரைக் கூப்பிடுவார். தொகையைவிடத் தெருவுக்குக் கேட்ட அந்தக் குரல்தான் பெரிது. ஆனால் நோயின் முதல் அறிகுறியும் அப்போதே தென்பட்டது: 'போதிய தபால்தலை ஒட்டிய சுயவிலாச உறை இணைக்கவும்.' நம் படைப்பை நமக்கே திருப்பி அனுப்ப நாமே செலவு செய்தோம். பிறகு சலூன் காலம். சலூன் என்றால் இங்கே முடிவெட்டும் கடை அன்று, புகைப்படப் போட்டிக் கண்காட்சி. 1950இல் தொடங்கிய ஃபியாப் என்னும் சர்வதேசக் கூட்டமைப்பின் பட்டத்தைப் பெயருக்குப் பின் போட்டுக்கொள்ள வேண்டுமானால், அதன் ஆதரவில் பல நாடுகளில் நடக்கும் சலூன்களில் படங்கள் ஏற்கப்பட வேண்டும். பெரும்பாலானவற்றுக்கு நுழைவுக் கட்டணம் உண்டு. உட்கார்ந்து எழுந்தால் பை மெலிந்திருக்கும் என்ற அளவில் இரண்டு சலூனும் ஒன்றே.

இப்போது நடப்பது தொகைக் காலம். அதற்கு இலக்கணம் வேண்டும். அவசரக்காரர்கள் இங்கே எழுந்து போகலாம்.

'இதழ் படக்காரருக்குப் பணம் கொடுத்தது.' 'படக்காரர் இதழுக்குப் பணம் கொடுத்தார்.' அதே பணம், அதே கொடுத்தல். 'கு' என்ற ஓர் உருபு வீடு மாறியிருக்கிறது, அவ்வளவுதான். நான்காம் வேற்றுமையின் பொருள்களை அடுக்கும் நன்னூல், கொடையை முதலில் வைத்து, அதற்கு அடுத்த இடத்திலேயே பகையை வைக்கிறது. பவணந்தியார் ஏதோ ஓர் இதழுக்குப் படம் அனுப்பியிருக்க வேண்டும்.

அப்படியானால் 'இதழ்த்தொகை' என்பதை எப்படி விரிப்பது? இதழ் தந்த தொகையா, இதழுக்குத் தந்த தொகையா? உருபு மறைந்திருப்பதால்தான் இந்தத் தொழிலே நடக்கிறது. பத்துப்பாட்டு, எட்டுத்தொகை என்று முன்னோர் சேர்த்தே சொன்னதும் இதனால்தான். பத்துப் பாட்டு வெளியாக எட்டுத் தொகை கட்டினார்கள். இரண்டு பாட்டு சலுகை.

முடிச்சை அவிழ்த்தவர் எங்கள் தெரு ஸ்டுடியோ அண்ணன். மின்னஞ்சலைக் காட்டினேன். பாஸ்போர்ட் சைஸ் படங்களை வெட்டிக்கொண்டே, கத்தரியை நிறுத்தாமல் சொன்னார்: "ரூபாயும் போச்சு, பயனும் இல்ல. விடு தம்பி."

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. 'உருபும் பயனும் உடன்தொக்க தொகை' என்று இலக்கணத்தில் ஒன்று உண்டு. பொற்குடம் என்றால் பொன்னால் ஆகிய குடம்; 'ஆல்' என்ற உருபும் 'ஆகிய' என்ற பயனும் சேர்ந்தே மறைகின்றன. பள்ளியில் இதை மனப்பாடம் செய்யாதவர் இல்லை, எதற்கு உதவும் என்று கண்டவரும் இல்லை. இதற்குத்தான். 'உருபும்' என்பது ஏடெழுதியவர் பிழை. 'ரூபாயும்' என்பதே பாடம். ரூபாயும் பயனும் உடன்தொக்க தொகை!

அற்றேல், ரூபாய் எப்படி உருபு ஆயிற்று எனின், ரகரம் தமிழில் மொழிமுதல் வாராது. ரோமம் உரோமம் ஆனாற்போல ரூபாய் உரூபாய் ஆயிற்று. அது குறுகி உருபு ஆயிற்று. ஈற்றில் 'ஆய்' ஏன் கெட்டது எனின், டாலருக்கு மாற்றுகையில் வங்கி பிடித்துக்கொண்டது என்க. இதை மறுப்பவர் ஒருவரே (சித்தப்பா, 'எனக்கு அப்பவே தெரியும்', தொலைபேசிப் பதிப்பு, பேருந்து சுரங்கப்பாதையில் நுழைந்ததால் நடுப்பகுதி சிதைந்தது, சிதைந்ததைச் சித்தி மீட்டுரைத்தார், சித்தியின் பாடம் சித்தப்பாவின் பாடத்தோடு எங்கும் ஒத்துவராது, இருவரையும் சமன்செய்ய முயன்ற தம்பியின் உரை ஒரு சொல்லோடு நின்றுவிட்டது, அச்சொல் அச்சேறத் தக்கதன்று).

இந்தத் தொகையைக் கண்டுபிடித்தவர்கள் படக்காரர்கள் என்ற ஐயம் வேண்டாம். அவ்வளவு கூர்மை எங்களுக்குக் கிடையாது. பேராசிரியர்களிடமிருந்து இறங்கி வந்தது என்பது என் முடிபு. அறிவியல் ஆய்விதழில் எழுதுபவருக்குச் சன்மானம் இல்லை, மதிப்பிடும் நடுவருக்கும் பொதுவாக இல்லை. ஆனால் யாரும் காசில்லாமல் படிக்கும்படி ஒரு கட்டுரையை வெளியிட, 2021இல் 'நேச்சர்' வைத்த கட்டணம் 9,500 யூரோ. அது பெரிய இடம். நம் பக்கத்துக் குடிசைத் தொழில் வேறு. பல்கலைக்கழக மானியக் குழு 2022இல் விதியைத் தளர்த்தும்வரை, ஆய்விதழில் கட்டுரை வராமல் பிஎச்.டி. ஆய்வேட்டைக் கொடுக்க முடியாதிருந்தது. தேவை வந்தால் கடை வராமலா இருக்கும்? இருபுறமும் மறைத்த மதிப்பீடு என்பார்கள்: எழுதியவர் யாரென்று நடுவருக்குத் தெரியாது, எழுதியிருப்பது என்னவென்றும் தெரியாது. பணம் ஏறிய செய்தி மட்டும் மறைக்கப்படுவதில்லை. என்னோடு படித்த ஒருவர் இப்படி ஏறிய கட்டுரைகளின் பட்டியலோடு இன்று உதவிப் பேராசிரியர். என் படத்தைப் பார்த்துவிட்டு, "காசு கொடுத்தா போட்டுக்கிட்ட?" என்று சிரித்தார்.

ஆம், போட்டுக்கொண்டேன். உள்பக்கம். இரவு இரண்டு மணிக்கு, கார்டு எண்ணை இரண்டு முறை தப்பாக அடித்து.

பிரதி போன வாரம் வந்தது. என் பெயரில் ஓர் எழுத்து குறைவு. அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தை விரல் படாமல் திருப்பினார். ஐஸ் பெட்டியைப் பார்த்து, "இது நம்ம காசிமேடு இல்ல?" என்றார். பிறகு கேட்டார்:

"எவ்வளவுடா குடுத்தாங்க?"

"நாப்பது டாலர்மா."

"ரூபாயில?"

"மூவாயிரத்துக்கு மேல."

என் விடைகளில் எழுவாய், தோன்றா எழுவாய். உருபு தொக்கு நின்றது. இலக்கணப்படி ஒரு பிழையும் கிடையாது. அம்மா இதழைச் சாமி படத்துக்குக் கீழே வைத்து, ஓரத்தில் துளி குங்குமம் தொட்டு வைத்தார். அடுப்படிக்குப் போனவர் நிலைப்படியில் நின்று திரும்பிப் பார்த்தார்.

"மாசாமாசம் வருமாடா?"