சார்ஜரதிகாரம்: மூலமும் உரையும்

வடக்கே பெருங்களத்தூர், தெற்கே ஊரப்பாக்கம், கிழக்கே கொளப்பாக்கம், மேற்கே மண்ணிவாக்கம் என நான்கு எல்லை வகுத்த வண்டலூரே இந்நூலின் நிலம். நடுவே 602 எக்டேரில் கிடக்கும் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா ஆய்விலிருந்து விலக்கப்பட்டது. அங்கு வாழ்வோர் ரிமோட் பயன்படுத்துவதற்குச் சான்று கிடைக்கவில்லை. எஞ்சிய வீடுகளில் டிவி ரிமோட், செட்டாப் பாக்ஸ் ரிமோட், ஏசி ரிமோட், சுவர்க் கடிகாரம், தாத்தாவின் பிபி மெஷின், பேரனின் ரேஸ் கார், மகளின் மவுஸ் என்று பென்சில் பேட்டரிக் கட்டை தின்னும் பொருள்கள் பெருகிவிட்டபடியால் இந்நூல் செய்யப்பட்டது.

கட்டை தீர்ந்தக்கால் தமிழ் மக்கள் கைக்கொண்டுவந்த நெறிகள் நான்கு: தட்டுநெறி, உருட்டுநெறி, வெயில்நெறி, கடிநெறி. இவற்றை மூடநம்பிக்கை என்று தள்ளுவது ஆய்வு நேர்மையாகாது. ரிமோட்டின் பின்மூடியைத் திறந்து கட்டையைக் கட்டைவிரலால் உருட்டினால் முனையில் படிந்த அழுக்கு விலகும். மொட்டைமாடியில் காயவைத்தால் சூட்டில் உள்ளே ரசாயன வினை சற்றே விரையும். இரண்டு நாள் சீரியல் பார்க்க அது போதும். கடிநெறியார் மட்டும் பென்சில் கட்டையை ரீசார்ஜ் வகைக்கு மாற்றியதும் தம் கொள்கையைக் கைவிட வேண்டும். உள்ளே இருப்பது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. கட்டைக்கு முன் பல் போகும்.

இனி நூற்பா.

*எறிகட்டை ஏற்றுகட்டை எனவிரு வகைத்தே.*

இது என்னுதலிற்றோ எனின், கட்டையின் வகை உணர்த்துதல் நுதலிற்று. எறிகட்டை 1.5 வோல்ட், பெட்டிக்கடையில் கிடைப்பது, தீர்ந்தால் எறியப்படுவது. ஏற்றுகட்டை 1.2 வோல்ட், நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு என்னும் குடிப்பிறப்பு உடையது. பழைய ஏற்றுகட்டைகளுக்கு ஒரு தீக்குணம் இருந்தது. முழுக்க ஏற்றி மேசை டிராயரில் வைத்தால், யாரும் தொடாமலே சில வாரங்களில் இளைத்துப்போகும். 2005இல் சான்யோ நிறுவனம் எனிலூப் என்ற பெயரில் இந்தக் கசிவைப் பெரிதும் அடக்கிய கட்டையை வெளியிட்டது. சான்யோவைப் பின்னர் பானசோனிக் வாங்கிக்கொண்டது. இன்று ஏற்றி வைத்து மறந்தாலும் ஆண்டு கடந்து உயிரோடிருக்கும் கட்டை எல்லாம் அந்த வழி வந்தவையே.

கடைக்காரர் இங்கே ஒரு தடை எழுப்புவார். "சார், இதுல 4600னு போட்டிருக்கு, விலையும் கம்மி. அதுல வெறும் 2000தான். எது தரட்டும்?" இதற்கு விடை: பென்சில் அளவுக் கட்டைக்குள் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு எவ்வளவு திணித்தாலும் 3000 எம்ஏஎச்சை எட்டுவது அரிது. 4600 என்பது அச்சகத்தாரின் கொடை. நல்ல கட்டை ஏறத்தாழ 26 கிராம் எடை இருக்கும். ஐயுற்றோர் கட்டையை நகைக்கடைத் தராசில் வைத்துப் பார்க்கலாம். நகைக்கடைக்காரர் பார்க்கும் பார்வைக்கு உரைகாரர் பொறுப்பல்லர்.

*நிறைந்தமை அறிந்து நிறுத்துவது சார்ஜர்;*
*அறியாது கொடுப்பது அடுப்பென மொழிப.*

இந்நூற்பாவே நூலின் உயிர். சார்ஜரின் அறிவு என்று டப்பாவில் வண்ணவண்ணமாக அச்சிடுவதெல்லாம் எப்போது நிறுத்துவது என்ற ஒன்றில் அடங்கும். கட்டை நிறைந்துவரும்போது வோல்ட் ஏறிக்கொண்டே வரும். நிறைந்தபின் ஏற்றும் மின்சாரம் போக இடமின்றி வெப்பமாக மாறும். கட்டை சுடத் தொடங்க, வோல்ட் ஒரு சில மில்லிவோல்ட் இறங்கும். ஆயிரத்தில் சில பங்கான இந்த இறக்கத்தைக் கண்டுபிடித்து விளக்கை அணைப்பதே ஸ்மார்ட் சார்ஜர். சிவப்பு விளக்கு விடியும்வரை எரியும் மலிவு சார்ஜர் எதையும் காணாது. அதைப் பிளக்கிலிருந்து பிடுங்க மறந்த வீடுகளில் கட்டை காலையில் இட்லிப் பானைச் சூட்டில் இருந்ததற்கு இதுவே காரணம்.

வாங்குவோர் கவனிக்க வேண்டியது ஒன்றே ஒன்று: நான்கு குழிக்கும் நான்கு விளக்கு உண்டா? ஒவ்வொரு குழியையும் தனித்தனியே பார்ப்பதுதான் சார்ஜர். இரண்டிரண்டாகப் பார்ப்பது அரைகுறை. மின்னோட்டம் மிகக் குறைவாயின் மேற்சொன்ன இறக்கம் தெளிவாகத் தெரியாது. மிக அதிகமாயின் கட்டை வேகும். 2000 எம்ஏஎச் கட்டைக்கு 500 முதல் 1000 மில்லி ஆம்பியர் வரை நன்று.

இதற்கு வண்டலூர்ப் புறனடை ஒன்று உண்டு. ஏற்றும் இடம் 40 டிகிரிக்குள் இருப்பது நலம் என்பது கட்டை செய்வோர் வாக்கு. கத்தரி வெயிலில் நம் ஊர் அந்த எல்லையைத் தானே தொட்டுவிடும். சூட்டில் வோல்ட் இறக்கமும் மங்கும். சார்ஜருக்கே புத்தி தடுமாறும். ஆகவே மே மாதத்தில் ஃப்ரிட்ஜின் தலைமேல் சார்ஜரை வைத்து நண்பகலில் ஏற்றுவோர் விதி மீறியோர். விடியற்காலை உகந்தது.

செலவு எவ்வளவு? கட்டை ஒன்று கொள்வது 2.4 வாட்-மணி. வீணாவதையும் தாராளமாகச் சேர்த்து ஐந்து என்று வைத்தாலும் ஒரு யூனிட்டில் 200 கட்டை ஏறும். 2016 முதல் தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். எனவே ஃபேன், லைட், மோட்டார் அனைத்தையும் அணைத்துவிட்டு இருட்டில் உட்கார்ந்தால் ஒரு குடும்பம் இரண்டு மாதத்தில் 20,000 கட்டைகளை இலவசமாக ஏற்றலாம். இத்திட்டத்தின் இப்பயன் இதுவரை ஆராயப்படவில்லை.

*உடன்வாங் கியவை உடனே செல்க.*

ஒரே நாளில் வாங்கிய கட்டைகளை மார்க்கர் பேனாவால் குறியிட்டு ஒன்றாகவே பயன்படுத்த வேண்டும். வலியதும் நலிந்ததும் ஒரே பொருளில் சேர்ந்தால் நலிந்தது முதலில் தீரும். வலியது அதைத் தலைகீழாக ஓட்டும். நலிந்தது முற்றும் கெடும். "முழுசா தீரட்டும்டா, அப்புறம் சார்ஜ் போடு" என்று மாமா சொல்வது நிக்கல் காட்மியம் காலத்து விதி. மாமா பொய் சொல்லவில்லை. அவருடைய கட்டைதான் மாறிவிட்டது. பேரனின் கார் மெதுவாகும்போதே கழற்றிவிடுவது இக்காலத்து விதி.

சுவர்க் கடிகாரத்துக்கும் ஏற்றுகட்டை இடுவாரும் உளர். ஆண்டுக்கு ஒரு கட்டை தின்னும் அதற்கு எறிகட்டையே போதும். எறிகட்டையைச் சார்ஜரில் இடுவாரோ எனின், அவர்க்கு இந்நூல் இல்லை. ஒழுகும், வெடிக்கவும் கூடும். நல்ல சார்ஜர் விளக்கைச் சிமிட்டி மறுத்துவிடும்.

அம்மறுப்பில்தான் ஒரு சிக்கல். டார்ச்சில் மாதக்கணக்கில் கிடந்து அடியோடு வற்றிய ஏற்றுகட்டையையும் ஸ்மார்ட் சார்ஜர் கட்டையென்றே ஏற்காது. குழியில் ஒன்றுமில்லாததுபோல் நடந்துகொள்ளும். பழைய மலிவு சார்ஜரோ ஆராயாமல் மின்சாரம் தரும். அதில் ஐந்து நிமிடம் வைத்தெடுத்தால் வோல்ட் கொஞ்சம் ஏறும். பிறகு ஸ்மார்ட் சார்ஜர் அதையே மரியாதையோடு வாங்கிக்கொள்ளும். ஆகையால் பழையதைக் காயலான் கடைக்குப் போட வேண்டா. ஐந்து நிமிடம் மட்டும்; பக்கத்திலேயே நிற்கவும். அடுப்பில் பால் இருந்தால் அதை முதலில் இறக்கிவிட்டு வரவும்.