எட்டுக் கேமராவுக்கு ஒத்த ஒயரு

ஏலேய் பேராண்டி, வீட்டச் சுத்தி எட்டுக் கேமரா மாட்டியிருக்கியாம்? ஊரே சொல்லுது. ஒண்ணு தெருவப் பாக்குது. ஒண்ணு முடுக்கப் பாக்குது. ஒண்ணு எதுத்த வீட்டு அத்தை கோலம் போடுறதப் பாக்குது. மிச்சத்துல ரெண்டு ஒண்ணையொண்ணு மொறச்சுக்கிட்டு நிக்குது. அப்பிடி உள்ள என்னல வச்சிருக்க? களவாணி வந்து ஒரு சுத்துப் பாத்தாம்னா, இருக்கதுலயே வெல கூடுன சாமான் கேமராதான்னு அதையே கழத்திட்டுப் போயிருவான்.

சரி, மாட்டிட்ட. ஒயர எங்க கொண்டு போயி முடிச்ச? அதச் சொல்லு மொதல்ல. பட்டாசல்ல, டிவிக்குக் கீழ என்.வி.ஆர். பொட்டிய வச்சு, அது முதுகுல இருக்க எட்டு ஓட்டையிலயும் எட்டு ஒயரச் சொருகியிருக்க. மினுக்கு மினுக்குன்னு லைட்டு வேற. வாற விருந்தாளிக்கெல்லாம் காட்டணும்லா? களவாணிக்கும் அதுதாம்டே வேணும். படம் பூராவும் அந்தப் பொட்டிக்குள்ள ஹார்டுடிஸ்க்லதான இருக்கு? நகையோட சேத்து அதையும் கக்கத்துல இடுக்கிட்டுப் போயிட்டாம்னா, ஸ்டேஷன்ல எதக் காட்டுவ? எட்டு ஒயரோட அறுந்த நுனியையா?

இதுக்குத்தாம்ல தனியா பி.ஓ.இ. சுவிட்சுன்னு ஒண்ணு விக்கான். ஒரே ஒயருல கரண்டும் போவும், படமும் வரும். அத மச்சுல ஒரு மூலையில வையி. எட்டுக் கேமராவும் அங்ஙன வந்து சேரட்டும். அங்ஙனயிருந்து கீழ ஒத்த ஒயரு. என்.வி.ஆர.க் கொண்டுபோயி உங்க ஆச்சி சேலை அடுக்கி வச்சிருக்க ரூமுல, காத்துப் போற எடமாப் பாத்துப் பூட்டி வையி. ஆச்சியத் தாண்டி எவன் போவான்? பட்டாசல் செவத்துல எட்டுத் தொளையும் போட வேண்டாம்.

ஆனா ஒண்ணு. சுவிட்ச் வாங்கும்போது எல்லாப் பயலும் ஓட்டைய எண்ணுதான். வாட்ட எவன் எண்ணுதான்? 2003-ல வந்த பி.ஓ.இ. கணக்குப்படி ஓட்டைக்கு 15.4 வாட். ஒயருல சேதாரம் போவ, கேமராவுக்குக் கெடைக்கது 13-க்குக் கொஞ்சம் கம்மி. அப்ப எட்டு ஓட்டைக்கு? 123 சொச்சம். சுவிட்சுக்கு அடியில பொடி எழுத்தப் பாரு, மொத்தமே 60-ன்னு போட்டிருப்பான். எட்டு எலையப் போட்டுட்டு நாலு பேருக்கு ஒலை வச்ச கல்யாண வீடு.

சாதாக் கேமரா ஆறேழு வாட்டோட எந்திரிச்சிரும், எப்பிடியும் சமாளிச்சிரலாம். நீ சும்மா இருப்பியா? கழுத்தத் திருப்புத கேமரா ஒண்ணு வாங்கியிருப்ப. அது பெருந்தீனிக்காரன். 2009-ல வந்த 30 வாட்டு ஓட்டையில ஒக்காந்தாத்தான் அதுக்குச் செரிக்கும். பகல்ல எல்லாம் ஜோராத்தான் இருக்கும். மாட்டுன பையனும் துட்ட வாங்கிட்டு வண்டிய எடுத்திருவான். பொழுதடைஞ்சதும் கேமராவுக்குள்ள ஐ.ஆர். லைட்டு எரியும், தீனி கூடும். சுவிட்ச் என்ன செய்யும்? ஒருத்தன எந்திரிக்கச் சொல்லும். பல பொட்டியில கடைசி ஓட்டைக்குத்தான் மொத வெட்டு. கடைசி ஓட்டையில எத மாட்டியிருப்ப? பொறவாசல். களவாணி எந்த வாசல் வழியா வாறான்? நீ படிச்சவன், நீயே சொல்லு.

அதனால ராத்திரித் தீனியக் கூட்டிப் பாத்து, கால்வாசி மிச்சம் இருக்கமாரி வாங்கு. ஒழுங்கான பொட்டி, மாட்டுன சாமானுக்குக் கரண்டு வேணுமான்னு கேட்டுட்டுத்தான் பரிமாறும். மலிவுல சிலது கேக்காமலே கொட்டும். மாட்டுனது வேற சாமான்னா கருகுனாலும் கருகிரும்.

ஒயரு விசயம். 100 மீட்டருக்கு மேல ஒத்த இழுப்பா இழுக்கக் கூடாது. தோட்டத்து மோட்டார் ரூம் வரைக்கும் இழுத்துட்டு, படம் வரலன்னு சுவிட்ச வையாத. வாங்கும்போதே நுனிய பிளேடால சொரண்டிப் பாரு. உள்ள வெள்ளையாத் தெரிஞ்சா அலுமினியத்துக்குச் செம்பு பூசுனது. திருப்பிக் குடுத்துட்டு வா.

சுவிட்ச்சுக்கு மாத்துனதும் திரையில எட்டுக் கட்டமும் கருப்பா நிக்கும். 'கேமரா போச்சு'ன்னு அலறாத. என்.வி.ஆர். முதுகுல நேராச் சொருகுனா, அதுவே ஐ.பி. நம்பரக் குடுத்துத் தனி நெட்டாக்கிக்கிடும். சுவிட்ச் வழியா வந்தா நாமதான் தேடிச் சேக்கணும், நம்பரும் ஒரே வரிசையில வரணும். அதுக்கு ஒருத்தன் வந்து 'கான்பிகரேஷன்'னு தனிப் பில்லு போடுவான். அந்தச் சொல்லக் கேட்டே நீ பாதித் துட்டு குடுத்திருவ.

இன்னொரு சூதானமும் வேணும். அந்தச் சுவிட்ச ரௌட்டரோட சேத்துட்டா, உன் வைபை பாஸ்வேர்டு தெரிஞ்ச பயலெல்லாம் கேமரா வாசப்படி வரைக்கும் வரலாம். அங்ஙன 'அட்மின்'னு கம்பெனிக்காரன் வச்ச பாஸ்வேர்டே இருந்தா? 2016-ல மிராய்னு ஒரு வைரஸ் சவம் கெளம்புச்சு. பாஸ்வேர்டு மாத்தாத கேமரா, ரௌட்டர்னு லட்சக்கணக்குல வளச்சுப் போட்டுது. அக்டோபர் மாசம் ஒருநா அதுகளெல்லாம் கூட்டு சேந்து அடிச்ச அடியில, அமெரிக்காவுல பல பேருக்கு ட்விட்டரும் தொறக்கல, நெட்பிளிக்ஸும் தொறக்கல. களவாணியப் பிடிக்க வாங்குன சாமான் களவாணிக் கூட்டத்துல போயிச் சேந்துட்டு. வீட்டுக்காரன் உள்ள கொறட்ட விடுதான்.

இன்வர்ட்டர்ல என்னென்ன மாட்டியிருக்க? டிவி, பேனு, போன் சார்ஜரு. என்.வி.ஆர்.கூட இருக்கு. சுவிட்ச்? மச்சுல சும்மாக் கெடக்க பிளக்குல மாட்டிருவ. கரண்டு போனா எட்டுக் கேமராவும் ஒண்ணா அணைஞ்சிரும், என்.வி.ஆர். மட்டும் முழிச்சிருந்து வெறும் கருப்பப் பாத்துக்கிட்டு இருக்கும். இந்தச் சுவிட்சோட பெரிய லாபமே, ஒத்தப் பிளக்குக்கு இன்வர்ட்டர் குடுத்தா எட்டும் எரியுங்கதுதான? நாளைக்கே எலக்ட்ரீசியனக் கூப்பிட்டு மச்சுக்கு லைன் இழுக்கச் சொல்லு. அவன் ஏறட்டும், நீ ஏணியப் பிடி. ரெண்டு கையாலயும் பிடில, போன்ல கேமராவப் பாத்துக்கிட்டுப் பிடிக்காத.