குரல் எங்கேருந்து வருது?

யாரையும் மனத்தில் வைத்து எழுதவில்லை. என் சகலை படித்தாலும் அப்படியே எடுத்துக்கொள்ளட்டும்.

ஹோம் தியேட்டர்காரர்களில் சத்தத்தைக் கூட்டி ஜன்னலை அதிர வைக்கிறவர் அப்பாவி. அவரை அக்கம்பக்கத்தார் பார்த்துக்கொள்வார்கள். ஸ்பீக்கரைத் திரைக்குப் பின்னால் ஒளித்து வைத்தவரிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

படம் போட்டு ஐந்து நிமிடம் ஆகியிருக்காது. நிறுத்திவிட்டு, "இப்ப குரல் எங்கேருந்து வந்துச்சு?" என்பார்.

"டிவியிலேருந்து" என்று சொல்லிவிடாதீர்கள். அது டிவி இல்லை, புரொஜெக்டர் என்பதற்கே கால் மணி நேரம் போகும். "ஸ்பீக்கர்லேருந்து" என்றால், "எங்கே இருக்கு, காட்டுங்க பார்ப்போம்." நாம் திரைக்குக் கீழே, பக்கவாட்டில், சோபாவுக்கு அடியில் என்று தேடியாக வேண்டும், தேடாவிட்டால் படம் நகராது. தேடிச் சலித்ததும் மொபைல் டார்ச்சோடு எழுவார். "மூக்கை ஒட்டி வச்சுப் பாருங்க. நெசவுக்கு நடுவுல சந்து தெரியுதா? சத்தம் அது வழியாத்தான் வருது."

பிறகு உரை. பேசும் படம் வந்த காலத்திலேயே தியேட்டர்காரர்கள் திரையில் பொடிப்பொடியாக ஓட்டை போட்டுப் பின்னால் ஒலிபெருக்கியை வைத்துவிட்டார்கள். 1983-ல் ஜார்ஜ் லூகாஸ் கம்பெனி டிஎச்எக்ஸ் என்ற தியேட்டர் ஒலித் தரத்தைக் கொண்டுவந்தபோது ஒலிபெருக்கியைச் சுவரோடு பதிக்கவே சொன்னது. வீட்டுக்கு ஓட்டைத் திரை சரிப்படாது. ஓட்டை வரிசையும் புரொஜெக்டரின் புள்ளி வரிசையும் மோதினால் படத்தில் அலை அலையாகக் கோடு விழும். அதனால் நெய்த திரை. டிவிக்குக் கீழே ஸ்பீக்கர் வைத்த வீடுகளில் ஹீரோ வாயசைக்க, குரல் வேட்டிக் கரையிலிருந்து வருகிறதாம். அந்த வீடுகளை நினைத்து நிஜமாகவே வருத்தப்படுவார்.

வேலை சுத்தம், அதைச் சொல்லியாக வேண்டும். ஒரே மாதிரி மூன்று ஸ்பீக்கர், மூன்றும் நின்ற வாக்கில், ட்வீட்டர் நம் காது உயரத்தில். கீச்சு ஒலியில் துணி கொஞ்சம் தின்றுவிடும் என்று மைக் வைத்து அளந்து ஈக்வலைசரில் ஈடுகட்டியிருக்கிறார். திரை சுவரைவிட்டு இரண்டடி முன்னால் வந்ததில் பீரோ ஹாலுக்குப் போய்விட்டது. அதைப் பற்றி அவர் மனைவியிடம் கேட்க வேண்டாம்.

ஸ்பீக்கர்கள் ரோஸ்வுட் பாலிஷ். அதற்குத் தனிக் காசு. துணி வழியே கசியும் வெளிச்சம் பாலிஷில் பட்டுப் பளபளக்கும் என்று அவற்றைக் கறுப்பு வெல்வெட்டால் மூடிவிட்டார். மனுஷன் வேறென்ன செய்வார்? வைர அட்டிகையை லாக்கரில் வைத்துவிட்டு, சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கல்யாணத்துக்கு வந்தவர் மாதிரி தவிக்கிறார். ஸ்பீக்கர் இருப்பதே தெரியக் கூடாது என்பதுதான் ஏற்பாடு. தெரியவில்லை என்பது நமக்குத் தெரியாமல் போய்விடக் கூடாதே!

ஆனால் எங்களுக்கும் ஒரு நியாயம் உண்டு. கொலைகாரன் யார் என்று தெரியாத படங்கள் வரிசையாக நிற்கின்றன. கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டுப் படத்தைக் காட்டாமல் இருப்பது என்ன மரியாதை?

போன தீபாவளிக்கு மாமியாரும் வந்திருந்தார். படத்தில் தாய் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். மகள் மெல்ல விசும்புகிறாள். மாமியார் முந்தானையை எடுத்துவிட்டார். படம் நின்றது.

"அத்தை, இப்ப அந்த விசும்பல் எங்கேருந்து வந்துச்சு?"

"அவ தொண்டையிலேருந்துதான் மாப்பிள்ளை. வேற எங்கேருந்து வரும்?"

சகலைக்குப் பேச்சு வரவில்லை. இத்தனை காலம் காத்திருந்த பதில். கண் கலங்க மாமியார் கையைப் பிடித்துக்கொண்டார். "அத்தை, கொஞ்சம் எழுந்து வாங்க" என்று டார்ச்சை அடித்தார்.

அந்தத் தாய் பிழைத்தாளா, தெரியாது. படம் ஓடிடியில் இருக்கிறதாம். மாமியாரும் நானும் மொபைலில் பார்த்துக்கொள்வதாக இருக்கிறோம்.