ஜெராக்ஸ் சாமி

திருச்செந்தூர்ப் பாதயாத்திரைக் குழு என்றால் பாட்டெடுக்க ஒருவர், சோறாக்க ஒருவர், வழிநெடுக முழங்காலைப் பற்றியே பேச ஒருவர் என்று ஆள் அமைந்துவிடும். தளவாய்புரம் பக்கம் இன்னொருவரும் உண்டு. பெயர் எதுவானாலும் அவர் ஜெராக்ஸ் சாமி.

மாலை போடுகிற அன்று எல்லாரும் கண்ணை மூடி நிற்க, இவர் மட்டும் தலைகளை எண்ணிக்கொண்டிருப்பார். திருநீறு காய்வதற்குள் முதல் உத்தரவு வரும்: “ஆதார் ஜெராக்ஸ் ரெண்டு பக்கமும் வேணும் சாமி. முன்பக்கம் மட்டும் கொண்டாந்தா பாதி ஆளாத்தான் கணக்கு.”

சங்கரன்கோவில், திருநெல்வேலி, ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி என்று 100 கிலோமீட்டருக்கு மேல் நடை. எல்லை தாண்டுவதில்லை, கடல் தாண்டுவதில்லை. அன்னதானப் பந்தலில் இலை போடுகிறவர் அடையாள அட்டை கேட்டதாக வரலாறும் இல்லை. இதைச் சொன்னால், “கேக்காத வரைக்கும் சரி. கேட்டுட்டா?” என்பார். இதற்கு யாரிடமும் பதில் கிடையாது.

தளவாய்புரம் நைட்டிக்குப் பேர்போனது, வெட்டுத்துணிக்குப் பஞ்சமில்லை. ஜெராக்ஸ்களை வைக்க ஆளுக்கொரு பை தைத்து வாங்கிவிடுவார். பச்சை வேட்டி, உருத்திராட்ச மாலை, நெஞ்சில் ரோஜாப்பூப் போட்ட நைட்டித்துணிப் பை. இது என்ன நேர்த்திக்கடன் என்று வழியில் பெண்கள் விசாரிப்பார்கள்.

பைக்குள் போகும் ஏடிஎம் கார்டுதான் அவருடைய தனி ஆராய்ச்சி. ஜன்தன் கணக்கின் ரூபே கார்டோடு விபத்துக் காப்பீடும் சேர்ந்தே வருகிறது. ஆனால் விபத்துக்கு முந்தைய 90 நாளுக்குள் கார்டை ஒருமுறையாவது பயன்படுத்தியிருக்க வேண்டும். இந்த விதி கண்ணில் பட்ட நாள்முதல், கிளம்பும் முன் எல்லாரையும் ஏடிஎம் வாசலுக்குப் பத்திக்கொண்டு போய் ஆளுக்கு நூறு ரூபாய் எடுக்கவைக்கிறார். கணக்கில் பணமே இல்லாதவருக்கு முந்தின நாளே தன் கையிலிருந்து போட்டுவிடுவார். ரூபாய் நோட்டு வெளியே வந்ததும் முகம் மலரும்: “கார்டுக்கு உசுரு வந்துருச்சு சாமி. இனி நமக்குப் போனாலும் கவலையில்ல.”

வாசலில் நின்று, “சாமி, என் பின் நம்பர் பொறந்த வருசந்தானே?” என்று தெருவே கேட்கக் கத்தியவரிடம் சங்கரன்கோவில் வரை அவர் பேசவில்லை.

அடுத்து 20 ரூபாய்க் காப்பீடு. பிரதமர் சுரக்ஷா பீமா: வருடத்துக்கு 20 ரூபாய் கணக்கில் பிடித்துக்கொள்வார்கள், விபத்தில் இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம். சேர 18 முதல் 70 வயது. “முருகன் வயசு கேக்கல, பேங்கு கேக்குது” என்று எழுபதைத் தாண்டிய மூத்த சாமி ஒருவர் பாரத்தைத் திருப்பிக் கொடுத்தார். மற்றவர்களுக்குச் சிக்கல் வயதில் இல்லை, நாமினியில். ஒருவர் தன் வீட்டுத் திண்ணையிலேயே உட்கார்ந்து யோசிக்காமல் அம்மா பேரைச் சொல்லிவிட்டார். உள்ளே குடம் உருண்டது. ஜெராக்ஸ் சாமி பேனாவை மூடிக்கொண்டே மெதுவாகச் சொன்னார்: “விரதச் சோறு ஒழுங்கா வரணும்னா பேரை மாத்திருங்க.”

நானும் சிரித்தவன்தான். ஆனால் ராத்திரி லாரி உரசிப் போகிற ரோட்டில் நடந்து பார்த்தால், ஆள் அவ்வளவு பைத்தியமில்லை என்று தோன்றும். பைகளில் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டுவதும் அவர்தான்.

அவரையே கலங்கடித்தது ஒன்று உண்டு. 2021 டிசம்பரில் தமிழக அரசு தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48’ திட்டம். சாலை விபத்தில் அடிபட்டவரைத் திட்டத்தில் உள்ள மருத்துவமனையில் சேர்த்தால், முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு ஒரு வரம்பு வரை அரசே பணம் கட்டும். எந்த ஊர்க்காரர், காப்பீட்டு அட்டை உண்டா என்று பார்ப்பதில்லை. இதை ஒரு சாமி பேப்பரில் படித்துக் காட்டியபோது இவருக்கு நம்பிக்கையே வரவில்லை. “கார்டு கேக்காம எப்படி சாமி துட்டு குடுப்பான்? எங்கயோ இடிக்குதே!”

மறுநாள் காலையில் அந்தப் பேப்பர் செய்தியை வெட்டி, ஆளுக்கு ரெண்டு ஜெராக்ஸ் போட்டு, ஒவ்வொன்றிலும் கையெழுத்து வாங்கிப் பையில் வைத்துவிட்டார்.