குதிகாலுக்கு ஏது கணக்கு?

நம் சுகாதாரக் கணக்குக்குத் தெய்வம் ஒன்றே ஒன்று: தெர்மாமீட்டர். சூடு ஏறினால் நோயாளி, இறங்கினால் குணமடைந்தவர். அதற்குப் பிறகும் கால் வலிக்கிறது என்று யாராவது முனகினால், அது அவருக்கும் அவர் காலுக்கும் உள்ள குடும்பத் தகராறு. அரசு தலையிடாது.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டை ஒட்டிய வாடகை அறை ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். எட்டுப் பாய், எட்டுப் பேர். விடியற்காலை ஐந்து மணிக்கு, சிக்குன்குனியா வந்து போய் மூன்று மாதமான ஒருவர் எழுந்திருக்கிறார். எழுந்திருப்பதும் அவருக்குத் தவணை முறைதான். முதலில் கை, அப்புறம் முட்டி, அப்புறம் சுவர். குதிகால் தரையில் பட்டதும் ஆணியை மிதித்த மாதிரி உயிர் போய் வருகிறது. கக்கூஸுக்குப் பத்தடி தூரம், அதற்கு ஐந்து நிமிஷம். வீங்கின கணுக்காலை இரும்பு முனை வைத்த சேஃப்டி ஷூவுக்குள் திணிக்க வேண்டும். நாடாவை இறுக்கினால் வலி கொல்லும், இறுக்காவிட்டால் சூப்பர்வைசர் கொல்வார். தொழிலாளர் பாதுகாப்பில் சமரசமே கிடையாது!

கேட்டில் செக்யூரிட்டி, கொரோனா காலத்தில் வாங்கின துப்பாக்கியை நெற்றியில் வைக்கிறார். 98.4. ‘உள்ளே போ.’ நெற்றிக்கு ஆறடி கீழே இரண்டு கால்கள் இருப்பது அந்தக் கருவிக்குத் தெரியாது. அதை வாங்கினவர்களுக்கும் தெரியாது.

சிக்குன்குனியா ஒன்றும் நேற்று வந்த விருந்தாளி இல்லை. 1952-ல் இன்றைய தான்சானியாவின் மகொண்டே பீடபூமியில் அடையாளம் கண்டார்கள். ‘வளைந்து போவது’ என்ற பொருளில் அந்த ஊர்ப் பாஷையில் வைத்த பெயர்தான் இது. 1964-லேயே நம் மதராஸுக்கு வந்துவிட்டது. அறுபது வருஷம் கழித்தும் வட்டாரத்தில் பத்துப் பேர் முடங்கினால் ‘மர்மக் காய்ச்சல்’ என்றுதான் செய்தி வரும். ஒரு மர்மமும் இல்லை. நாம் செய்த ஆராய்ச்சியெல்லாம் அதைச் ‘சிக்கன் குனியா’ ஆக்கி, பாவம், கோழியைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தியதுதான்.

2006-ல் நாடு முழுக்கச் சுமார் 13 லட்சத்து 90 ஆயிரம் பேருக்கு இந்த நோய் வந்திருக்கலாம் என்றது அரசுக் கணக்கு. தமிழகத்தின் பங்கு ஏறக்குறைய 65 ஆயிரம். அந்த வருஷம் எந்தத் தெருவில் எத்தனை பேர் சுவரைப் பிடித்து நடந்தார்கள் என்று பார்த்தவர்கள் இந்த எண்ணைக் கேட்டால் சிரிப்பார்கள், அதுவும் உட்கார்ந்தபடி. சாவு எத்தனை? பூஜ்ஜியம். ஆனால் அதே வருஷம் ஆகஸ்டு முதல் நவம்பர் வரை அகமதாபாத்தில் வழக்கத்தைவிட 2,944 பேர் கூடுதலாக இறந்திருப்பதை ஆய்வாளர்கள் மாநகராட்சிப் பதிவேட்டை வைத்தே காட்டினார்கள். செத்தவனையே எண்ணத் தெரியாத கணக்குப்பிள்ளை, நொண்டுகிறவனையா எண்ணப்போகிறார்?

நம் முப்பாட்டன்மார் கரும்புத் தோட்டக் கூலிகளாகப் போன ரியூனியன் தீவிலும் அதே சமயம் இதே நோய் மூன்றில் ஒருவரைச் சாய்த்தது. அங்கே காய்ச்சல் இறங்கியதும் நோட்டை மூடிவிடவில்லை. ஒன்றேகால் வருஷம் கழித்தும் போய்க் கேட்டார்கள். பாதிப் பேருக்கு மேல் ‘இன்னும் வலிக்கிறது’ என்றார்கள். இங்கே யாருக்கும் வலிக்கவில்லை, ஏனென்றால் யாரும் கேட்கவில்லை.

கொசுவுக்கு வருவோம். இந்த நோயைப் பரப்பும் ஏடிஸ் பகலில் கடிப்பது, வீட்டுக்குள் ஒதுங்குவது, நல்ல தண்ணீரில் முட்டையிடுவது. தண்ணீர் தினமும் வராத ஊரில் மூடியில்லாத நீல டிரம்மும், பழைய இரும்புக் கடையில் மழைநீர் ஏந்திக் கிடக்கும் டயரும் அதற்குப் பிரசவ ஆஸ்பத்திரி. நாமோ பொழுது சாய்ந்த பிறகு தெருவில் புகை அடித்து, கேமராவுக்கு முகம் காட்டுகிறோம். டிரம்முக்குள் டார்ச் அடித்துப் புழு தேடும் பணியாளரோ தாமே தினக்கூலி. அவருக்குக் கால் வீங்கினால் அன்றைய கூலி அதோடு போச்சு.

‘இ.எஸ்.ஐ. இருக்கிறதே!’ என்பீர்கள். இருக்கிறது. மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து, ஆறு மாதத்தில் 78 நாள் சந்தா கட்டியிருந்தால், வருஷத்துக்கு 91 நாள் வரை 70 சதவீதக் கூலி கிடைக்கும். காண்ட்ராக்டர் நோட்டில் ஒரு மாசம் இருந்து மறு மாசம் காணாமல் போகிற பெயருக்கு 78 எந்தக் காலத்தில் நிறையும்? நிறைந்தவர் மேல்சிகிச்சைக்கு அயனாவரம் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றால், மின்சார ரயில், மேம்பாலப் படி, பஸ், வரிசை. குதிகால் வலிக்கு இவ்வளவு நல்ல பிசியோதெரபி வேறெங்கே கிடைக்கும்! அதனால்தான் அவர் தெருமுனை மெடிக்கலில் ‘வலிக்கு ஒரு செட் குடுங்க’ என்கிறார். செட்டுக்குள் என்ன இருக்கிறது என்பது கடைக்காரருக்கும் கடவுளுக்கும் மட்டுமே வெளிச்சம்.

இந்த நோய்க்கென்று தனி மருந்து கிடையாது. வலி மாத்திரை, மெல்லிய பயிற்சி, ஓய்வு, இவ்வளவுதான் வைத்தியம். மலிவானது ஓய்வு, அதுதான் கிடைக்காத சரக்கு. 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழி திறக்கும் மசோதாவைச் சட்டமன்றம் நிறைவேற்றியது. எதிர்ப்பு கிளம்பியதும், மே தினப் பரிசாக அதே மசோதாவைத் திரும்பப் பெற்றார்கள். காலை மிதித்தவரே ‘மன்னிச்சுக்கோப்பா’ என்று காலை எடுத்துக்கொண்டதற்கு நாம் கை தட்டினோம்.

துணிக்கடை, நகைக்கடை ஊழியர்களுக்கு உட்காரும் உரிமை தந்து 2021-ல் சட்டம் வந்தபோதும் தட்டினோம். ஆலைத் தொழிலாளிக்கு அந்த உரிமை 1948-லேயே எழுதப்பட்டுவிட்டது. நின்றபடி வேலை செய்கிறவர் இடையில் ஓய்வு வாய்க்கும்போது உட்கார வசதி செய்து தர வேண்டும் என்றது தொழிற்சாலைகள் சட்டத்தின் 44-ம் பிரிவு.

அப்படியானால் ஆலையில் நாற்காலி இல்லையா? யார் சொன்னது? இருக்கிறது. உட்கார வசதி ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்க வருகிற அதிகாரிக்காகத் துடைத்துப் போடுவார்கள். அவர் அதில் உட்கார்ந்து, ‘வசதி உள்ளது’ என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார்.

காபி கொண்டுவந்து கொடுக்கிறவர் விந்தி விந்தித்தான் வருவார்.